மூன்றாவதாக வெளியேறியவள்

துர்காதேவி அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தது ஜெயிப்பதற்காக அல்ல. பத்துப் பேர் ஒரே வீட்டில் சேர்ந்து தங்குவார்கள் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பா மயில்வாகனத்தோடு அவள் இருந்தாள். அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆரணியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு வருடம்கூட முடியாமல் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. தறியில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், எழுந்துபோய் உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டார், மறுபடி தறிக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க யார் யாரிடமோ பேசுவாள். வீட்டுக்கு வந்தால் தறிச் சத்தம்தான். தெருக்குழாயில் குடத்தோடு போய் நின்றால் அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பார்கள்.

2008இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் 'கடைசி ஒருவர்' என்ற நிகழ்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். சென்னையில் நடந்த தேர்வுக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். கனமான புடவைக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள், கூச்சமில்லாத பேச்சு. எடுத்துக்கொண்டார்கள்.

ஏலகிரி மலையில் ஒரு பெரிய பங்களா. ஐந்து ஐந்து பேராக இரண்டு குழு. வாரத்துக்கு ஒரு போட்டி. தோற்ற குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சறைக்குப் போக வேண்டும். அது ஒரு நாற்காலியும் ஒரு கேமராவும் மட்டுமே இருக்கும் சின்ன அறை. தன் குழுவிலேயே யார் போகலாம் என்று ஒரு பேரை அங்கே சொல்ல வேண்டும். அதிகம் பேர் சொன்ன இருவர் 'பாரம்' என்ற ஆட்டத்தில் எதிரெதிரே நிற்பார்கள். அதில் தோற்றவர் அந்த நிமிடமே வீட்டை விட்டு வெளியே.

வெளியே தள்ளுவதற்காகவே நடத்திய அந்த வீட்டில் துர்கா சந்தோஷமாக இருந்தாள். பெண்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். பக்கத்துப் பாயில் ஸுஷ்மா. அம்பத்தூரில் கால் சென்டரில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண். தூக்கத்தில் காலைத் தூக்கித் துர்காவின் மேல் போட்டுவிடுவாள். காலையில் "ஸாரிக்கா" என்பாள். "இருக்கட்டும்" என்பாள் துர்கா. யார் காலோ மேலே கிடப்பது அவளுக்குத் தொந்தரவாகவே இல்லை. தோசை சுடுவதும், துணி காயப்போடுவதும், யாருக்கு எத்தனை சப்பாத்தி என்று சண்டை போடுவதும் அவளுக்குத் திருவிழாவாக இருந்தன. போட்டி இல்லாத நாளிலும் பேச்சறைக்குள் போய்ச் சற்று நேரம் பேச வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். துர்கா விரும்பிப் போனாள். கேமரா குறுக்கே பேசாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யாது. தன்னை மறந்து பேசினாள்.

முதல் இரண்டு வாரமும் தோற்றது மற்றக் குழு. மூன்றாவது வாரம் துர்காவின் குழு தோற்றது. பேர் அறிவித்தார்கள்: துர்காதேவி, தாவீது. தாவீது தூத்துக்குடியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவன்.

தோட்டத்தில் உயரமான சட்டத்தில் இரண்டு கப்பி மாட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் வாளி தொங்கியது, மறுமுனை ஆட்டக்காரரின் கையில். வாளி தரையைத் தொட்டால் தோல்வி. மீதி ஆறு பேரும் ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு ஒவ்வொருவராக வந்து இரண்டு வாளியில் ஏதோ ஒன்றில் ஊற்ற வேண்டும். எதில் என்பது அவரவர் இஷ்டம். பேசக் கூடாது. ஆக, ஆட்டத்தில் ஜெயிப்பது கையின் பலத்தில் பாதி, மற்றவர்களின் மனசில் பாதி.

முதலில் வந்த மூன்று பேரும் தாவீதின் வாளியில் ஊற்றினார்கள். அவன் பலசாலி, அவன் போனால் எல்லோருக்கும் நல்லது. அடுத்த இரண்டு பேர் துர்காவின் வாளியில் ஊற்றினார்கள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கடைசிக் குடம் ஸுஷ்மாவிடம். அவள் வருவதைப் பார்த்ததும் துர்கா பிடியைக் கொஞ்சம் இளக்கி மூச்சு விட்டாள்.

ஸுஷ்மா நேராக வந்து அவள் வாளியில் ஊற்றினாள்.

கொஞ்ச நேரம் தாங்கினாள். பிறகு கயிறு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சேறு தெறித்தது. தொகுப்பாளர் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னார். கட்டி வைத்திருந்த பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டும்போது துர்கா திரும்பிப் பார்த்தாள். ஸுஷ்மா காலிக் குடத்துக்குள் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்து நின்றாள்.

வேனில் கூட வந்தவன் அச்சுத் என்ற ஒருங்கிணைப்பாளன். "அக்கா, ஒரு விஷயம்" என்றான். "இனிமேதான் டெலிகாஸ்ட்டே ஆரம்பிக்குது, ஞாயித்துக்கிழமை மட்டும். நீங்க அவுட் ஆன எபிசோடு வர்ற வரைக்கும் உங்களை யாரும் ஊர்ல பாக்கக் கூடாது. காண்ட்ராக்ட்ல சைன் பண்ணியிருக்கீங்க. வெளியூர்ல சொந்தக்காரங்க யாராவது?"

துர்கா யோசித்துப் பார்த்தாள். ஆரணியைத் தவிர வேறு ஊர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"எங்கப்பா வூட்லயே இருந்துக்கறேன். வெளிய வரமாட்டேன்."

"அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. ப்ளீஸ்."

விடியும் நேரத்தில் ஊருக்கு வெளியே ஓரிக்கைத் திருப்பத்தில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்து கதவைத் தட்டினாள். அப்பா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னாள். "சரி" என்றார்.

அவர்கள் வீடு ரயில்பெட்டி போல நீளமானது. முன்னால் டிவி இருக்கும் கூடம், அதற்கடுத்துத் தறி போட்ட அறை, அதற்கும் பின்னால் நூலும் சாமானும் வைக்கும் சின்ன அறை, சமையல்கட்டு, கொல்லை. மயில்வாகனம் கூடத்துக்கும் தறி அறைக்கும் நடுவில் இருந்த கதவைக் கூடத்துப் பக்கம் தாழ்ப்பாள் போட்டு வைக்க ஆரம்பித்தார். யாராவது கேட்டால் "தறில பாவு நூலு ஏத்தி வெச்சிருக்கேன், புள்ளைங்க வந்து அறுத்துப்புடும்" என்றார். அவர் நெய்யும்போது மட்டும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வருவார்.

இப்படியாகத் துர்கா தன் வீட்டிலேயே ஒளிந்து வாழத் தொடங்கினாள். இரும முடியாது. பாத்திரத்தைச் சத்தமாக வைக்க முடியாது. கொல்லைக்கு இருட்டு இருக்கும்போதே போய்வர வேண்டும். முன்பு கடையாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அப்பா நெய்வார், அவள் நூல் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டு வேளையில் தட்டு வரும், போகும். சில நேரம் வாயை மட்டும் அசைத்து ஸுஷ்மாவிடம் பேசினாள். ஏன் ஊத்தினே? என்னாடி பண்ணேன் உனக்கு? பேச்சறை போலவே இருந்தது, கேமராதான் இல்லை.

முதல் ஞாயிறு சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ரேணுகாம்பாள், அவள் புருஷன் தணிகாசலம், இன்னும் நாலைந்து பேர்.

"என்னாண்ணே, பொண்ணு டிவில வருது, நீங்க தனியா பாத்துக்கினு இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள். துர்கா திரும்பி வந்த இந்த இரண்டு வருடத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

துர்கா ஓசையில்லாமல் தறி அறைக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். டிவியில் பத்துப் பேரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். அவள் குரல் வந்தது. யாருடைய குரலோ போல இருந்தது.

"பொடவை நல்லா இருக்குது" என்றாள் ஒருத்தி.

"பொடவைக்கு என்னா. கட்டிக்கினவன் ஒருத்தனோட வாழ முடியல, இதுல ஒம்பது பேரோட வாழப் போறாளாம்" என்றாள் ரேணுகாம்பாள்.

தணிகாசலம் அதட்டுவது போல இருமினார். டிவியின் சத்தம் அதிகமாயிற்று. அப்பாதான் கூட்டியிருக்க வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் துர்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். எழுந்து நூல் அறைக்குப் போய்விடலாம், ஆனால் போகவில்லை. என்ன இருந்தாலும் மனுஷர்களின் பேச்சு.

அடுத்த ஞாயிறு கூட்டம் அதிகம். கயிறு இழுக்கும் போட்டியில் அவள் குழு ஜெயித்தபோது கூடமே கைதட்டியது. "பாத்தியா நம்ம துர்காவ! தேர் வடம் புடிக்கிற ஊர்க்காரியாச்சே!" என்று தணிகாசலம் கத்தினார். உள்ளே துர்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆட்டோ ஸ்டாண்டில் அவள் படம் போட்ட பேனர் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் போன பிறகு கூடம் காலியாகி, அப்பா தட்டை வைத்துவிட்டுப் போய், வீடு பழையபடி ஆனபோது, அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு பேச்சறையைக் காட்டினார்கள்.

தன் குரல் முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே துர்கா கதவை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அதை அங்கே சொன்னது ஞாபகம் இருந்தது. ஊர் கேட்கும் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் இல்லாமல் போயிருந்தது.

"அவரு அடிக்கல, குடிக்கல. பேசல, அவ்ளோதான். மூணாம் மாசம் ஏதோ கோவம். என்னா கோவம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. சோறு வெச்சா சாப்டுவாரு. வூட்ல வேற யாரும் என்னாண்ட பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, அவங்களும் பேசல. தண்ணி மொண்டுக்கினு இருக்கும்போது கொடத்துக்கிட்ட பேசுவேன். எனக்கு என் குரலே மறந்துடும்போல இருந்துச்சு. ஒரு நாளு பொட்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்." குரல் சற்று நின்றது. "எங்கப்பா ஏன் வந்தேன்னு கேக்கல. நல்லவருதான். ஆனா கேப்பாருன்னு பாத்துக்கினே இருந்தேன். இங்க வந்தப்புறம்தான் நான் இவ்ளோ பேசறேன்."

விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரத்தின் பாட்டு முழுதும் ஓடி முடிந்தது. பிறகு யாரோ "நேரமாச்சுப்பா" என்றார்கள். நிகழ்ச்சி முடியும் முன்பே செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

அப்பா டிவியை அணைக்கவில்லை. அது வெகுநேரம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அவர் தட்டோடு வந்தார். வழக்கம்போல வைத்துவிட்டுப் போவார் என்று துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போகவில்லை. தறிப் பலகையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"தேரடியாண்ட ரோட்டைத் தோண்டிப் போட்டுக்கினு இருக்கான்" என்றார்.

துர்கா நிமிர்ந்தாள்.

"பைப்பு போடறானாம். பஸ்ஸு சுத்திக்கினு போவுது. நேத்து கடைக்குப் போனவன் மாட்டிக்கினேன்." யோசித்தார். "தணிகாசலம் வூட்டு மோட்டாரு ரிப்பேரு. ஆளு வரான் வரான்னு சொல்றான், வரமாட்டேங்கறான். தெருக்கோடில புதுசா ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருக்குது."

பேசிப் பழக்கம் இல்லாதவர். ஒவ்வொரு விஷயத்தையும் எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். தீர்ந்துபோனால் மறுபடி தேடினார். அவர் கை பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

"அப்புறம்?" என்று கேட்டாள் துர்கா.

"அப்புறம்..." என்றார் அவர். "அந்த ரங்கசாமி குளத்தாண்ட ஒருத்தன் பாம்பு புடிச்சான்..."

அவள் வெளியேற்றப்பட்ட எபிசோடு அடுத்த ஞாயிறு வந்தது. கூடம் கொள்ளாமல் வாசல்வரை ஆட்கள். பாரம் ஆட்டத்துக்குத் துர்காவின் பேரைச் சொன்னதும் "ஐயோ" என்று ஒரே கூச்சல். மூன்று குடம் தாவீதின் வாளியில் விழுந்தபோது விசிலடித்தார்கள்.

"ஒண்ணும் பயமில்ல. கடைசிக் கொடம் அந்த ஸுஷ்மா கையில இருக்குது, அவ நம்ம பொண்ணுக்கு ஊத்தமாட்டா" என்றாள் ரேணுகாம்பாள்.

துர்கா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டம் நடந்த நாள் காலையில் பேச்சறையில் ஸுஷ்மா சொன்னதைக் காட்டினார்கள். துர்கா அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"துர்காக்காதான் எனக்கு இங்க பெஸ்ட் ஃப்ரெண்ட். ஆனா அவங்க அவுட் ஆனா வீட்ல அவங்க அப்பா இருக்காரு. நான் அவுட் ஆனா ஹாஸ்டலுக்குத்தான் போகணும். ரூம்மேட்ஸ்கூட இப்ப யாரும் இல்ல. எனக்கு இந்த வீட்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். அவ்ளோதான்."

பிறகு தண்ணீர் விழும் ஓசை. சற்றுப் பொறுத்து வாளி விழும் ஓசை. கூடத்தில் யாரோ துரோகி என்றார்கள். ரேணுகாம்பாள் மூக்கைச் சிந்துவது கேட்டது. "போச்சு. இனிமே யாருக்காகப் பாக்கறது?" "தாவீது நல்லாத்தான் ஆடறான்பா."

அப்போது தாழ்ப்பாள் விலகியது. மயில்வாகனம் எல்லோர் முன்னாலும் எழுந்து வந்து கதவை விரியத் திறந்தார்.

"வாம்மா வெளிய" என்றார்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கூச்சலும் சிரிப்பும் ஒன்றாக எழுந்தன. "அடிப்பாவி, இத்தினி நாளும் உள்ளயா இருந்தே?" பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ரேணுகாம்பாள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவள் எதைக் கணக்குப் பார்க்கிறாள் என்று துர்காவுக்குத் தெரிந்தது.

"துர்கா, அன்னிக்கு நான் வாய்க்கு வந்தது..."

"கேட்டுதுக்கா" என்றாள் துர்கா. கோபமாகச் சொல்லவில்லை. "எல்லாந்தான் கேட்டுது. நீங்க கைதட்னதும் கேட்டுது."

ஒரு வாரம் அவள் தெருவுக்குச் செல்லப்பிள்ளை. கடையில் வாடிக்கையாளர்கள் புடவையை விட்டுவிட்டு அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழாயடியில் இப்போது யாரும் பேச்சை நிறுத்தவில்லை. வாளி எவ்வளவு கனம், தாவீதுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். ஆரணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு துர்கா கூடத்தில் பாய் விரித்து, டிவியைப் போட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்தாள். யாரும் வரவில்லை. எல்லோர் வீட்டிலும் டிவி இருந்தது. எதிர்வீட்டிலிருந்து அதே நிகழ்ச்சியின் சத்தம் எதிரொலி போல இன்னொரு முறை கேட்டது. அப்பாவும் அவளும் அத்தனை பெரிய பாயில் இரண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

இன்னும் சில வாரம் கழித்து ஸுஷ்மா வெளியேறினாள். அன்று நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே துர்காவின் செல்போன் அடித்தது.

"அக்கா, பாத்தீங்களா?"

"பாத்தேன். எங்க இருக்கே?"

"ஹாஸ்டல் டிவி ரூம்ல. எல்லாரும் லாங் லீவுக்கு ஊருக்குப் போயிருக்காங்க." ஸுஷ்மா அங்கே டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. "திட்டுங்கக்கா."

திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். நூல் அறையில் வாயை அசைத்து அசைத்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டாள் போலும், ஒன்றும் வரவில்லை. "சாப்டியா?" என்றாள்.

ஸுஷ்மா அழுதாள். துர்கா வாசலுக்கு வந்து, அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை இங்க வாயேன்" என்றாள். "கோயிலெல்லாம் பாக்கலாம். வூட்ல சாப்டலாம்."

"வரேன்க்கா. கண்டிப்பா வரேன்."

அந்த ஞாயிறு துர்கா காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பூந்தமல்லி வழியாக வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பிப் போயின. சுடிதார் போட்ட பெண் இறங்கும்போதெல்லாம் இரண்டடி முன்னால் போய்ப் பார்த்தாள். இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க அந்த ஷோவுல வந்தவங்கதானே?" என்று கேட்டார்கள். ஒருத்திக்கு நிகழ்ச்சியின் பெயர் ஞாபகம் இல்லை. போன் செய்தால் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. வெயில் ஏறியதும் வீட்டுக்கு நடந்தாள்.

அப்பா கறி வாங்கிச் சமைத்து வைத்திருந்தார். மூன்று தட்டு கழுவி அடுக்கியிருந்தது.

"வரலியா?"

"வரல."

ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா" என்றார் பிறகு. "ஆரணில... அந்த மூணாம் மாசம்... என்னா நடந்துச்சு?"

கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்பது போல அவளைப் பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். துர்கா ரசச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஒரு நாளு சாயங்காலம், துணி எடுத்து மடிச்சிக்கினு இருந்தேம்பா" என்று ஆரம்பித்தாள்.